உங்களுக்குத் தெரியுமா? குலுங்காத வண்டி, கசங்காத பட்டு

வெம்பாக்கம் பக்கம் பாவும் பட்டுநூலும் டூவீலரில் போவது சாதாரணக் காட்சி. ஏரிக்கரை மண்பாதையிலும் மழைக்குப் பின் குழி விழுந்த ரோட்டிலும் முதலில் அடி வாங்குவது ஷாக் அப்சார்பர்தான். அதைப் பற்றிச் சில செய்திகள்:

● பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது உள்ளே இருக்கும் ஆயில். பிஸ்டனின் சிறு துளைகள் வழியே ஆயில் நெருக்கியடித்துப் புகும்போது துள்ளல் வெப்பமாக மாறுகிறது. கரடுமுரடான பாதையில் ஓட்டி வந்ததும் ஷாக் சுடுவது அதனால்தான்.

● பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஆயில் ஷாக்கும் வைத்த சோதனை புல்லட்டுகள், 1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் மோட்டார் சைக்கிள் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கின. 1955 முதல் அந்த புல்லட் சென்னைக்காரர்.

● காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் ஆலை வைத்திருக்கும் யமஹாவின் மோனோஷாக், பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கன்ஸின் யோசனை. மோட்டோகிராஸ் ஓட்டிய மகனுக்காக அவர் செய்தது. 1973-ல் ஹோகன் ஆண்டர்சன் அதை வைத்து 250 சிசி உலகப் பட்டத்தையே வென்றார்.

● ஷாக்குக்குள் நைட்ரஜன் எதற்கு? இடைவிடாமல் அடிபடும் ஆயிலில் காற்று கலந்தால் நுரைக்கும். நுரைக்குத் துள்ளலை அடக்கும் சக்தி இல்லை. நைட்ரஜன் அழுத்தத்தில் ஆயில் எளிதில் நுரைக்காது. ஆனால் இப்படி நைட்ரஜன் அடைத்த கேஸ் ஷாக்கை முறைப்படி அழுத்தம் இறக்காமல் கழற்றுவதும், அதன்மேல் வெல்டிங் வைப்பதும் ஆபத்து.

● மண்பாதை பைக்கில் நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும். 2016-ல் வந்த ஹிமாலயன் பைக்கின் பின் சக்கர அசைவு 180 மி.மீ.; அப்படியானால் இறக்கம் 60 மி.மீ. அளவில் இருக்கலாம். அளக்க டேப்பும் ஒரு ஆளும் போதும்.

● ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் பிரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகாது. அமுங்கிய பின்புறம் உயரும், அவ்வளவுதான். பின்னால் மூட்டை ஏற்றும்போது ஒன்றிரண்டு படி கூட்டுங்கள். இறக்கியதும் குறைக்க மறக்காதீர்கள்.

● அமுங்கிய ஷாக் திரும்பி விரியும் வேகத்தை அடக்கும் ரீபவுண்ட் அதிகமாக இறுகியிருந்தால், வரிசையாகப் பள்ளம் வரும்போது சக்கரம் திரும்பி வர நேரமின்றி வண்டி படிப்படியாக அமுங்கிவிடும். ரொம்பத் தளர்ந்தால் சீட்டே உங்களைத் தூக்கி எறியும். ஸ்குரூவை மெதுவாக முழுக்க மூடி, எத்தனை கிளிக் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு பிறகு மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்.

● முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் ஆயில் மட்டம் கூடினால் மேலே உள்ள காற்றிடம் குறையும். கடைசி அமுக்கத்தில் போர்க் கல்லாகிவிடும். அதனால் கண்ணளவு கூடாது. பெரும்பாலான போர்க்குகளில் ஸ்பிரிங்கைக் கழற்றி, போர்க்கை முழுக்க அமுக்கி வைத்துத்தான் மட்டம் பார்ப்பார்கள்.

● போர்க் குழாயில் காய்ந்த சேறுதான் ஆயில் சீலின் முதல் எதிரி. சீலில் கசிந்த ஆயில் பிரேக் பேடில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. மண்ணில் ஓட்டி வந்த அன்றே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

● சஸ்பென்ஷனை மாற்றி ஜீப்பை உயர்த்திக் கட்டினால் கம்பீரம் கூடும்; கூடவே வளைவில் கவிழும் வாய்ப்பும் கூடும். ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது.

● 2024 டக்கார் ராலியில் ஓசூர் டிவிஎஸ்ஸின் கூட்டணியான ஷெர்கோ அணிக்காக ஓட்டிய ஹரித் நோவா, ராலி-2 பிரிவில் முதலிடம் பிடித்தார். அத்தகைய ராலி பைக்குகளின் சஸ்பென்ஷன் அசைவு சுமார் 300 மி.மீ.!

● வண்டி துள்ளுகிறதென்று உடனே விலை கூடிய ஷாக்கைத் தேட வேண்டாம். போர்க் ஆயில், சீல், பிரீலோடு மூன்றையும் முதலில் பாருங்கள். பின்புறம் இரட்டை ஷாக் இருந்து ஒன்று போனால், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் இரண்டும் ஒரே சீராக வேலை செய்யாது.