குத்தகை முடியுமுன் குடி பெயர்தல்

கொழும்பிலே ஒரு சொந்த வீடு வாங்குவது நடுத்தரக் குடும்பத்தினருக்கு ஆயுட்கால முயற்சி. ஆண்டுக்கணக்காகச் சேர்த்த சேமிப்பு, மனைவியின் நகை, ஊரிலுள்ள காணித்துண்டின் விலை, வங்கிக் கடன் ஆகிய நான்கும் ஒன்றுகூடிய பின்னரே நொத்தாரிசின் மேசையில் உறுதி எழுதப்படுகின்றது. அந்த மகிழ்ச்சியில் எவரும் நினையாத காகிதம் ஒன்று அலுமாரிக்குள்ளே கிடக்கும். அதுதான் இப்பொழுது குடியிருக்கும் வீட்டின் குத்தகை உறுதி. அதிலே எட்டு மாதமோ பத்து மாதமோ இன்னும் எஞ்சியிருக்கும். புதுவீட்டிற்குப் பால் காய்ச்ச நாட்பார்த்தாயிற்று. பழைய வீட்டின் வாடகையோ நில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றது. இந்நிலையில் குடியிருப்பவர் செய்யத்தக்கது யாது என்பதை நேயர்களுடன் சிறிது ஆராய விரும்புகின்றோம். மாணவர்களும் இதனைப் படித்துவைத்தல் நன்று. இன்று அறை எடுத்துத் தங்கிப் படிப்பவரே நாளை குடும்பத்துடன் வாடகை வீடு தேடப் போகின்றவர்.

நாம் பதினோராண்டுகள் குடியிருந்த இடம் கொம்பனித்தெரு. இவ்வூருக்கும் குடிபெயர்தலுக்கும் நெடுநாளைய உறவுண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியார் தம் அடிமைகளை பேரை வாவி சூழ்ந்த இந்நிலத்திலே அடைத்துவைத்தனர். ஆங்கிலேயர் வழங்கிய பெயர் அதனால் வந்தது. பின்னர் இலங்கை ரைபிள் படையணியின் மலாய் வீரர்கள் தம் குடும்பங்களுடன் இங்கே வாழ்ந்தனர். அப்படையணி 1873இற் கலைக்கப்பட்டது. ரைபிள் தெரு, மலே வீதி, ஜாவா ஒழுங்கை என்னும் பெயர்கள் நிலைத்தன. சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் அமைந்துள்ள கியூ வீதியின் பெயரும் ஒரு குடிபெயர்ச்சியின் நினைவே. 1810இல் இங்கே ஏற்படுத்தப்பட்ட தாவரத் தோட்டம் முதலிற் களுத்துறைக்கும் பின்னர் 1821இற் பேராதனைக்கும் இடம் மாறிற்று. செடிகளுக்குக் குத்தகை உறுதி இல்லாதபடியால் அவை வழக்கின்றிப் போய்ச் சேர்ந்தன போலும்!

நம் காலத்திற் கண்ட மாற்றங்கள் இவற்றினும் விரைவானவை. 2010 மே மாதத்தில் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதன் பின்னர் வந்த நகர மீளமைப்புத் திட்டங்களால் பல குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. சிற்பி மோசே சப்தி வடிவமைத்த அல்ட்டையர் கோபுரம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல வானத்தைத் தொட்டு நிற்க, அதன் அண்மையிலுள்ள ஒழுங்கைகளிலே இரண்டறை வீடுகளில் மூன்று தலைமுறையினர் வாழ்ந்து வருகின்றனர்.

இனிச் சட்டத்தைக் காண்போம். இலங்கையிலே 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிருடன் இருக்கின்றது. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை எதுவாயினும் நொத்தாரிசின் முன்னும் இரு சாட்சிகளின் முன்னும் எழுதப்படல் வேண்டும் என்பது அதன் விதி. நம்மவர் பலர் முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் ஒப்பமிட்டு, 'ஈராண்டுக்கு' என்று எழுதி மனநிறைவு அடைகின்றனர். அவ்வெழுத்துக்கு ஈராண்டுக் குத்தகை என்ற வலிமை கிடையாது. வாடகை மாதந்தோறும் கொடுக்கப்பட்டுவருமாயின் அது மாத வாடகைக் குடியிருப்பாகவே கொள்ளப்படும். அதனை முடிப்பதற்கு ஒரு முழு மாத அறிவித்தல் போதும். அது மாத முடிவோடு முடிதல் வேண்டும். மார்ச் 10ஆந் திகதி அறிவித்தல் கொடுப்பவர் ஏப்பிரல் இறுதியில் வெளியேறலாம்.

நொத்தாரிசு எழுதிய குத்தகையோ வேறு வகையினது. இதிலே நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம ஒல்லாந்தச் சட்டம் குறுக்கிடுகின்றது. குத்தகை விற்பனைக்கு முற்பட்டது என்பது அச்சட்டத்தின் பழைய கோட்பாடு. அஃதாவது, சொந்தக்காரர் இடையிலே வீட்டை வேறொருவருக்கு விற்றாலும் குடியிருப்பவரின் குத்தகை அழியாது. வாங்கியவர் அதற்கு உட்பட்டே வாங்குகின்றார். (1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி காணிப் பதிவகத்தில் அக்குத்தகையைப் பதிந்துவைத்தவருக்கே இந்தப் பாதுகாப்பு உறுதியானது.) சொந்தக்காரரைக் கட்டிவைத்த இதே கயிறு குடியிருப்பவரையும் கட்டுகின்றது. 'யாம் வேறு வீடு வாங்கிவிட்டோம்' என்பது குத்தகையை முறிப்பதற்கு ஏற்ற காரணமாகச் சட்டத்தில் இல்லை. எஞ்சிய மாதங்களுக்கு அவர் பொறுப்பாளியே. ஆயினும், அவர் விலகியதைச் சொந்தக்காரர் ஏற்று நட்டஈடு கோருவாராயின், வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு முழுத் தொகையையும் கேட்டல் இயலாது. வேறு குடியிருப்பாளரைத் தேடி நட்டத்தைக் குறைக்க அவர் நேர்மையாக முயலல் வேண்டும்.

கொழும்பில் நெடுங்காலம் இப்பிரச்சினை எழவேயில்லை என்பது வியப்பானது. காரணம், வாடகைச் சட்டங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே, 1942இல் முதலாவது வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தொடர்ந்தது. 1941 நவம்பர் மாத மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டு நியம வாடகை கணக்கிடப்பட்டது. வாடகை நிலுவை வைத்தல், உத்தரவின்றிக் கீழ்வாடகைக்கு விடுதல், சொந்தக்காரருக்கே வீடு நியாயமாகத் தேவைப்படுதல் போன்ற சில காரணங்களுக்கன்றி எவரையும் வெளியேற்றுதல் இயலாது. பின்னர் வந்த 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இப்பாதுகாப்பை மேலும் இறுக்கிற்று. அடுத்த ஆண்டிலே, பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், வீட்டாதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் இரண்டு வீடுகளையும், தங்கிவாழும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வீட்டையும் மாத்திரமே வைத்திருக்கலாம். மிகுதியான வீடுகள் அரசின் வசமாயின. அவற்றிற் குடியிருந்தோர் அவற்றையே வாங்க வழியும் பிறந்தது. இத்தகைய காலத்திலே சொற்ப வாடகை வீட்டைக் குடியிருப்பவர் தாமாக விட்டுச் செல்வாரா? விட்டுச்செல்ல மனமிருந்தாலும் சொந்தக்காரரிடம் சாவிப்பணம் கேட்டுப் பெற்றவர்களும் உண்டு. வெளியேற்றுவதைப் பற்றியே சட்டப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் பேசின. வெளியேற விரும்புபவரைப் பற்றிப் பேச எவருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

1980ஆம் ஆண்டுத் திருத்தம் நிலைமையை மாற்றிற்று. அவ்வாண்டு தொடக்கத்திற்குப் பின் கட்டப்பட்டு வாடகைக்கு விடப்படும் வசிப்பு வீடுகள் அக்கட்டுப்பாட்டிலிருந்து நீங்கின. வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடற்கரை வரை இறங்கும் ஒழுங்கைகளில் இன்று நிற்கும் தொடர்மாடிகளிற் பெரும்பாலானவை இவ்வகையின. ஆயினும் பழைய அச்சம் சொந்தக்காரரின் உள்ளத்தைவிட்டு நீங்கவில்லை. குடிவந்தவர் போகமாட்டார் என்ற அச்சத்தாலே அவர்கள் இறுக்கமான குத்தகை எழுதுகின்றனர். ஆறு மாத முற்பணம், ஓராண்டு முற்பணம், நாளொன்றுக்கு இவ்வளவு தண்டம் என்று நிபந்தனைகள் நீளுகின்றன. தவணை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவில் மீட்பதற்கென 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமும் வந்துள்ளது. தவணைக்கு முன்னர் போக விரும்புபவரின் கதி மட்டும் அவரவர் உறுதியிலுள்ள ஒரு வாசகத்திலே தொங்குகின்றது.

'இருதிறத்தாரில் எவரேனும் மூன்று மாத அறிவித்தல் கொடுத்து இக்குத்தகையை முடிக்கலாம்' என்பதே அவ்வாசகம். சில உறுதிகளில் 'எவரேனும்' என்ற சொல்லுக்குப் பதிலாகச் 'சொந்தக்காரர்' என்று மட்டும் இருக்கும். ஒப்பமிடுமுன் அச்சொல்லைப் படிப்பவர் நூற்றுக்கு எத்தனை பேர்?

நமது உறுதியிலோ அவ்வாசகமே இல்லை. ஈராண்டுத் தவணையில் ஒன்பது மாதம் எஞ்சியிருந்த வேளையில் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு கைகூடிற்று. நமது வீட்டின் சொந்தக்காரர் ஒரு மலாய் மூதாட்டியார், கணவரை இழந்தவர். அவ்வாடகையே அவருடைய மருந்துக்கும் சோற்றுக்கும் ஆதாரம். நாம் செய்தியைச் சொல்லப் போனபோது தேநீர் தந்து, "நல்ல செய்தி மாஸ்டர், பிள்ளைகளுக்கு ஒரு வீடு வேண்டுந்தானே" என்றார். சற்று நேரம் கழித்து, "முற்பணத்தை நான் கூரைக்குப் போட்டுவிட்டேனே மாஸ்டர், இப்போது எங்கே எடுப்பேன்?" என்று தாழ்ந்த குரலிற் கேட்டார். அக்கூரையின் கீழேதான் நாம் இரண்டு மாரி காலமும் நனையாமல் இருந்தோம்.

நாம் அறிந்த சட்டத்தரணி ஒருவர், நட்டத்தைக் குறைக்கும் கடமை சொந்தக்காரருக்கு உண்டு என்பதை எடுத்துக்காட்டிக் கடிதம் எழுதலாம் என்றார். அது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் எழுபது வயதுடைய ஒருவரைத் தரகர் வாசல்களில் ஏறியிறங்கச் செய்யும் கடிதத்தை எழுத நம் கை எழவில்லை. எனவே குடியிருப்பாளரைத் தேடும் வேலையை நாமே எடுத்துக்கொண்டோம். ஏழு வாரங்களில், கோட்டையில் வேலைபார்க்கும் ஓர் இளங் குடும்பத்தினர் கிடைத்தனர். அம்மூதாட்டியார் அவர்களை நேரிற் கண்டு, கேள்வி கேட்டு, ஒப்புக்கொண்ட பின்னரே காரியம் நடந்தது. அவர்கள் கொடுத்த முற்பணத்திலிருந்து நமக்கு மூன்று தவணைகளில் மிகுதி வந்து சேர்ந்தது. அந்த ஏழு வாரத்து வாடகையை நாம் முழுதாகக் கொடுத்தோம். அது நட்டமென்று நாம் எண்ணவில்லை. ஒன்பது மாதம் நட்டப்பட்டிருக்க வேண்டியவர் இரண்டு மாதத்துடன் தப்பினோம் என்பதே கணக்கு.

கணக்கென்றதும் பணத்தைப் பற்றிச் சிறிது சொல்லல் வேண்டும். இரண்டு கோடி ரூபாவுக்கு ஒரு வீட்டை வாங்குகின்றார் எனக் கொள்வோம். மேல் மாகாணத்திலே உறுதிக்கான முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்திற்கு நூற்றுக்கு 3, எஞ்சிய தொகைக்கு நூற்றுக்கு 4. ஆகவே 3,000 ரூபாவும் 7,96,000 ரூபாவுமாக 7,99,000 ரூபா தீர்வைக்கே போகின்றது. நொத்தாரிசின் கட்டணம் வேறு. இதே மாதத்தில் வங்கிக் கடனின் முதல் தவணையும் தொடங்கிவிடும். பழைய வீட்டின் வாடகை 90,000 ரூபாவாயின் மூன்று மாதத்திற்கு 2,70,000 ரூபா. பலர் உறுதிச் செலவுக்கு நம்பியிருப்பது பழைய வீட்டு முற்பணத்தையே. அது கையில் வருமுன் அதனை நம்பிக் கடன்படுதல் ஆபத்து.

பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இதனினும் சிக்கலானது. அரசாங்கப் பாடசாலையின் முதலாந் தரத்தில் அனுமதி பெறுவதற்கு, பாடசாலைக்கு அண்மையில் வசிப்போர் என்ற பிரிவில், வாக்காளர் இடாப்பிலே எத்தனை ஆண்டுகள் பெயர் இருந்தது என்பதற்கும் வதிவிட ஆவணத்திற்கும் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. கொம்பனித்தெரு விலாசத்திலே ஐந்தாண்டுகள் பெயரைக் காத்துவைத்த தாய் தந்தையர், விண்ணப்பித்த பின்னர் வீட்டை மாற்றினால், வீடு பார்க்க வரும் குழுவினருக்கு யாது காட்டுவர்? நமது ஒழுங்கையில் ஒரு குடும்பத்தினர் இக்காரணத்திற்காகவே, வாங்கிய வீட்டைப் பூட்டிவைத்து ஓராண்டு வாடகையும் கொடுத்து இருந்தனர். பிள்ளைக்குப் பாடசாலை கிடைத்தது. அக்குடும்பத் தலைவர் அவ்வாண்டிலே தம் மோட்டார்ச் சைக்கிளை விற்றார். இவ்விடயத்தில் எது சரி என்று தீர்ப்புக்கூற நாம் துணியோம்.

பிற நாடுகளிலே இதனை எவ்வாறு தீர்க்கின்றனர்? தமிழகத்திலே பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் பதினொரு மாதத்திற்கே எழுதப்படுவதை நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்தல் வேண்டும் என்னும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விளைவு அது. பதிவுச் செலவைத் தவிர்க்கத் தோன்றிய வழக்கம், குடியிருப்பவர் நெடுங்காலம் கட்டுண்டு கிடவாமலும் காக்கின்றது. நம் உறவினர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே ஏற்பாடு இன்னும் தெளிவானது. அங்கே தவணைக் குத்தகையில் இருப்பவர் அதனை வேறொருவருக்கு மாற்ற உத்தரவு கேட்கலாம். சொந்தக்காரர் அறவே மறுத்தாலோ ஏழு நாளுக்குள் மறுமொழி சொல்லாவிடினோ, முப்பது நாள் அறிவித்தல் கொடுத்துக் குடியிருப்பவர் விலகலாம். சொந்தக்காரர் அஞ்சவேண்டியதில்லை, புதியவரைத் தக்க காரணத்துடன் மறுக்கும் உரிமை அவரிடமே உண்டு. அத்தகையதொரு விதி நம் நாட்டிலும் எழுதப்படின், முறைப்பாடுகள் பல எழாமலே போகும் என்பது நம் துணிபு.

அதுவரை, குடிபெயர எண்ணுவோர் முதலில் உறுதியை எடுத்து ஒருமுறை முழுமையாகப் படித்தல் வேண்டும். அறிவித்தலை எழுத்திலே கொடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளல் வேண்டும். ஆனால் தபால்காரர் கொண்டுபோகுமுன் நாமே நேரிற் சென்று சொல்லுதல் மரியாதை. சொந்தக்காரரின் எழுத்திலான சம்மதமின்றி வேறு எவரையும் வீட்டில் இருத்தலாகாது. குத்தகை நொத்தாரிசு முன் எழுதிப் பதிவுசெய்யப்பட்டதாயின், அதனை முடிக்கும் இணக்கத்தையும் நொத்தாரிசைக் கொண்டே எழுதிப் பதிவதே பாதுகாப்பு. பதிவகத்திலே பழைய குத்தகை அழியாமல் நிற்குமாயின், நாளைக்கு அவ்வீட்டை விற்கவோ ஈடுவைக்கவோ புறப்படும் சொந்தக்காரருக்கு அது வீண் தொல்லையாகும். திறப்பை ஒப்படைக்கும் நாளிலே மின்சார மானியையும் தண்ணீர் மானியையும் இருவரும் சேர்ந்து பார்த்து, இலக்கங்களை ஒரு தாளிற் குறித்து, இருவரும் ஒப்பமிடல் வேண்டும். கொழும்பிலே மின்சாரக் கணக்கு பெரும்பாலும் சொந்தக்காரர் பெயரிலேயே இருப்பதால், கடைசி மாதத்துப் பற்றுச்சீட்டு நாம் போன பின்னரே அவர் வாசலுக்கு வரும்.