குளிர் நாட்டுக் கோழிகள்

கானடா தேசத்தின் கியூபெக் மாகாணத்தில் குளிர்கால இரவுகளில் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கிவிடுவதுண்டு. அங்கே மாண்ட்ரியல் நகருக்கு அருகே, ஓகா என்னும் ஊரிலுள்ள மடத்தில் கோழிகளைப் பராமரித்து வந்த சகோதரர் வில்பிரிட் ஷாத்லேன் என்னும் துறவி, அந்தச் சீதோஷ்ணத்தைத் தாங்கி முட்டையிடக்கூடிய ஒரு ஜாதியை உண்டாக்க வேண்டுமென்று சங்கற்பம் செய்துகொண்டு, 1908-ஆம் ஆண்டு முதல் லெகார்ன், கார்னிஷ் முதலிய ஜாதிகளைக் கலந்து கலந்து, சுமார் பத்து ஆண்டுகளில் ஷாண்டிக்ளேர் என்னும் கோழியை உருவாக்கினார். இக்கோழியின் கொண்டையும் தாடியும் இருக்குமிடம் தெரியாத அளவுக்குச் சிறியவை. இறகின் மறைவில்லாத அவ்விரண்டு அங்கங்களே முதலில் உறைந்து கருகுபவை ஆதலால், அந்தச் சிறுமையே அதன் பெருமை.

மற்ற ஜாதிகளை வளர்ப்பவர்களோ, குளிர் வந்துவிட்டதே என்ற பதற்றத்தில் கூட்டின் சந்துபொந்துகளையெல்லாம் அடைத்துவிடுகிறார்கள். கோழியின் தேக உஷ்ணம் சுமார் 41 டிகிரி. இறகுகளை உப்பச் செய்து, அவற்றினிடையே காற்றைச் சிறைபிடித்து, தன்னைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியும். அதனால் தாங்க முடியாதது ஈரம். இரவு முழுதும் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் எழும் நீராவி, வெளியேற வழியின்றிக் கொண்டையில் படிந்தால், சாதாரணக் குளிரிலேயே கொண்டை கருகிவிடும். எச்சத்தின் அமோனியா நெடியோ சுவாசத்தைக் கெடுக்கும். ஆகவே, கோழிகள் உட்காரும் உயரத்தில் காற்று வீசாமலும், அவற்றின் தலைக்கு மேலே கூரையோரத்தில் திறப்பு இருக்கும்படியும் கூட்டை அமைத்து, தரையில் உலர்ந்த மரத்தூளைக் கனமாகப் பரப்ப வேண்டும். அடையும் கட்டை தட்டையாகவும் அகலமாகவும் இருந்தால், மார்பிறகு விரல்களை மூடிக்கொள்ளும்.

சூட்டு விளக்கை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மரத்தூள்மீது அது விழுந்தால் கூடே தீக்கிரையாகும். மின்சாரம் நின்றாலோ, வெப்பத்துக்குப் பழகிய கோழிகள் தவித்துப்போகும். அதைவிட, மாலையில் ஒரு பிடி மக்காச்சோளம் உத்தமம்; இரவில் அது செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும். குடிநீர் உறைந்துவிடாதபடி அடிக்கடி மாற்றுவது அதனினும் அவசியம். நீரில்லாத கோழி தீனியையும் குறைத்துவிடும்.

முட்டை குறைந்துவிட்டதென்று குளிரின்மேல் மட்டும் பழி சுமத்துவது நியாயமன்று. பகல் வெளிச்சம் சுமார் 14 மணி நேரம் இருந்தால்தான் கோழி ஒழுங்காக முட்டையிடும். டிசம்பரில் மாண்ட்ரியலின் பகலோ 9 மணி நேரத்துக்கும் குறைவு. கோபிப்பதானால் பஞ்சாங்கத்தைத்தான் கோபிக்க வேண்டும்! இடுகிற சில முட்டைகளையாவது உடனுக்குடன் எடுத்துவிடுவது நல்லது. தாமதித்தால் அவை உறைந்து ஓடு வெடித்துவிடும்.