மறுக்கத் துணிந்த இறைநம்பிக்கை

கடவுளை நம்புகிறவருக்கு நல்லதே நடக்கும் என்ற எதிர்பார்ப்பு எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. நோய் நீங்க வேண்டும், வழக்கில் வெல்ல வேண்டும், பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டுவதில் தவறொன்றுமில்லை. மனிதர் வேறு யாரிடம் போய்க் கேட்பார்? ஆனால், கிறிஸ்தவம் தன் நடுவில் நிறுத்தியிருப்பது ஒரு சிலுவையை. அதில் அறையப்பட்டவர், முந்தைய இரவு கெத்சமனித் தோட்டத்தில், வரவிருந்த துன்பம் தம்மைவிட்டு நீங்காதா என்று மன்றாடினார். அது நீங்கவில்லை. தம் விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்துக்கு விட்டுக்கொடுத்துத்தான் அவர் அங்கிருந்து எழுந்தார் என்று நற்செய்தி நூல்கள் கூறுகின்றன.

அப்படியானால், கிறிஸ்தவர் ஒருவர் கடவுளை நம்புகிறார் என்றால் அவர் எதை நம்புகிறார்? எது சரி, எது தவறு என்று குழம்பி நிற்கும் வேளையில் அந்த நம்பிக்கை வழிகாட்டுமா? மறையுரைகளைவிடத் தெளிவாக இதற்கு விடை சொல்வது ஓர் உழவரின் வாழ்க்கை.

ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர், ஆஸ்திரியாவில் சங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் 1907-இல் பிறந்தவர். இளமையில் அவரைப் பக்திமான் என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மோட்டார் சைக்கிளில் சுற்றினார், சண்டைகளில் இறங்கினார், மணமாகாமலே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானார். 1936-இல் ஃபிரான்சிஸ்காவை மணந்த பிறகு விவிலியமும் வழிபாடும் அவர் வாழ்க்கையில் ஆழமாக வேரூன்றின. ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளையாகவும் பணி செய்தார். 1938-இல் ஆஸ்திரியாவை ஹிட்லரின் ஜெர்மனி இணைத்துக்கொண்டதற்கு ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு நடந்தபோது, அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. ஊர் முழுவதும் ஒருமனதாக ஆதரித்ததாகவே அதிகாரிகள் அறிவித்தனர்.

அவர் முதல் நாளிலேயே ராணுவத்தை மறுத்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1940-இல் அழைப்பு வந்தபோது பயிற்சிக்குச் சென்றார். விவசாயி என்பதால் விலக்குப் பெற்று 1941-இல் ஊர் திரும்பினார். அதன் பிறகுதான் அவர் மனம் உறுதிப்பட்டது. போல்ஷெவிக் கொள்கையை ஒழிக்கவே ரஷியாவில் போர் என்கிறார்களே, உண்மையில் நாடுவது அந்நாட்டின் கனிமங்களையும் எண்ணெய்க் கிணறுகளையும் நல்ல விளைநிலத்தையும் அல்லவா என்று தம் குறிப்புகளில் கேட்டார். இப்படிப்பட்ட போரில் ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து ஆயுதம் ஏந்துவது பாவம் என்ற முடிவுக்கு வந்தார்.

அவருக்கு அறிவுரை சொன்னவர்கள் யாரும் தீயவர்கள் அல்லர். பங்குத்தந்தை சொன்னார், உறவினர் சொன்னார், லின்ஸ் மறைமாவட்ட ஆயரும் நேரில் சொன்னார்: மனைவியையும் மூன்று சிறு பெண்களையும் காப்பதே உன் கடமை, ஆட்சியாளர் செய்வதற்குக் குடிமகன் பொறுப்பாளி அல்லன். ஆள்வோருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பவுலின் வாக்கும் அக்காலத்தில் பலருக்குத் துணை நின்றது. இந்த வாதங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. குடும்பம் உள்ள எவருக்கும் அவை உறைக்கும்.

அவர் மறுத்த விதத்தில்தான் நம்பிக்கை என்ற சொல்லின் பொருள் விளங்குகிறது. மனைவி மக்கள் இருக்கிறார்கள் என்பதற்காகக் கடவுளுக்கு எதிராக நடக்கும் உரிமை வந்துவிடாது என்று அவர் எழுதினார். கடவுள் தம்மைத் தூக்குமேடையிலிருந்து இறக்கிவிடுவார் என்றோ, குடும்பத்துக்கு ஒரு குறையும் வராது என்றோ அவர் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. விளைவைக் கடவுளிடம் விட்டுவிட்டார். அதனால் செயலைப் பற்றி மட்டும் சிந்திக்க அவரால் முடிந்தது. ‘இதைச் செய்தால் என்ன ஆகும்’ என்ற கணக்கு மனத்தை நிறைத்திருக்கும்வரை ‘இது சரியா’ என்ற கேள்விக்கு அங்கே இடமிருப்பதில்லை. கடவுள்மீது வைக்கும் நம்பிக்கை அந்த இடத்தை உண்டாக்கித் தருகிறது. அறநெறிக்கும் இறைநம்பிக்கைக்கும் உள்ள தொடர்பு இதுவே என்று கருதுகிறேன்.

பிடிவாதமும் வெறியும்கூட இதே மொழியில்தான் பேசும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜெர்மானியப் படைவீரரின் இடுப்புவார் வில்லையிலேயே ‘கடவுள் நம்மோடு’ என்று பொறித்திருந்தார்கள்! கடவுளை நம்புவதாகச் சொல்வது மட்டும் யாரையும் நேர்வழியில் நிறுத்திவிடாது. யேகர்ஷ்டெட்டரை வேறுபடுத்திக் காட்டுபவை சில உண்டு. தம் முடிவைத் தாமே சந்தேகித்து, மாற்றுக் கருத்துடையோரிடமே சென்று ஆலோசனை கேட்டார். 1943 மார்ச்சில் ராணுவ முகாமில் தம் மறுப்பைத் தெரிவித்த பின்னர், காயம்பட்டோருக்கு மருத்துவப் பணி செய்ய ஆயத்தமாக இருப்பதாகக் கூறினார், அது ஏற்கப்படவில்லை. போருக்குப் போன ஊராரைப் பழித்துப் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய கடவுள் கேட்ட பலி பிறருடைய உயிர் அன்று. ஆயினும், அதன் சுமையில் பெரும்பகுதி ஃபிரான்சிஸ்காவின் தோளில் இறங்கியது என்பதை நினைக்கும்போது மனம் தயங்கத்தான் செய்கிறது.

1943 மே மாதம் அவரைப் பெர்லினின் டேகல் சிறைக்குக் கொண்டுசென்றனர். லூத்தரன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபரும் அதே காலத்தில் அங்கே அடைபட்டிருந்தார். அவர் ஹிட்லரை வீழ்த்தச் சதி செய்தோருடன் இணைந்தவர். 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். ஒரே ஆண்டவரை நம்பிய இருவரில் ஒருவர் ஆயுதத்தைத் தொட மறுத்தார். மற்றவர் கொடுங்கோலனைக் கொல்லும் முயற்சிக்குத் துணைநின்று அந்தப் பழியைத் தாங்கவும் துணிந்தார். வாய்பாடு போல ஒரே விடையைக் கிறிஸ்தவம் எல்லோர் கையிலும் கொடுப்பதில்லை என்பதற்கு அச்சிறையே சான்று.

1943 ஜூலை 6 அன்று யேகர்ஷ்டெட்டருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் அவரது தலை துண்டிக்கப்பட்டது. மூத்த மகளுக்கு அப்போது ஆறு வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

போருக்குப் பிறகும் திருச்சபை அவரை உடனே கொண்டாடிவிடவில்லை. மறைமாவட்ட இதழில் அவரைப் பற்றிய கட்டுரை வெளிவர ஆயர் இசையவில்லை. கடமையாற்றி மாண்ட வீரர்களே அவர் பார்வையில் முன்மாதிரிகள். அமெரிக்கச் சமூகவியலாளர் கார்டன் ஸான் 1964-இல் எழுதிய நூல்தான் அந்த உழவரை உலகறியச் செய்தது. மறு ஆண்டு, பம்பாயின் முன்னாள் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முன் அவருடைய வழக்கை எடுத்துவைத்தார். மனசாட்சியின் பெயரால் ஆயுதம் ஏந்த மறுப்போரைச் சட்டங்கள் மனிதநேயத்துடன் நடத்த வேண்டும் என்ற கருத்து சங்க ஏட்டில் இடம்பெற்றது. 1997-இல் பெர்லின் நீதிமன்றம் அவர்மீதான தீர்ப்பை நீக்கியது. 2007-இல் லின்ஸ் பேராலயத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டபோது, 94 வயதான ஃபிரான்சிஸ்காவும் அங்கே இருந்தார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஊரார் பலர் அவரையே குற்றம் சொன்னார்கள். கணவரை அளவுக்கு மீறிய பக்தியில் தள்ளியவர் அவர்தான் என்றார்கள். போர் விதவைகளுக்கான உதவித்தொகை 1950 வரை அவருக்கு மறுக்கப்பட்டது. நிலத்தை உழுது மூன்று பெண்களையும் வளர்த்தார். கணவரின் முடிவை முதலில் தாமும் தடுக்கப் பார்த்ததாகவும், எல்லோரும் அவருக்கு எதிராக நிற்பதைக் கண்ட பிறகு, தாமாவது அவர் பக்கம் நிற்க வேண்டும் என்று தீர்மானித்ததாகவும் பின்னாளில் அவர் சொன்னார்.