வாலைப் பிடித்தால் சூரியன் தெரியும்!

கொடைக்கானல் போனால் ஏரியில் படகு, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், கையில் சூடாக ஒரு சோளக்கதிர்... அதோடு இறங்கிவிடுகிறோம். அதே மலையில் 2,343 மீட்டர் உயரத்தில் சூரியனுக்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, ‘சூரியனைக் கவனித்தால் மழையின் போக்கு பிடிபடுமா?’ என்ற கேள்வி எழுந்தது. அதன் தொடர்ச்சியாக 1899-ல் தொடங்கப்பட்டது இது. 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இப்போது கணினியில் ஏறிவிட்டன.

படங்கள் ஒரு பக்கம். எண்ணிக்கை வேண்டுமா? பெல்ஜியத்தின் ராயல் அப்சர்வேட்டரி, உலகெங்குமிருந்து வரும் சூரியப் புள்ளிக் கணக்கை ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் தருகிறது. நாளுக்கு ஒரு வரி. தொடக்கம் 1818 ஜனவரி 1. இன்றைக்கு 75,000 வரிகளைத் தாண்டிவிட்டது. போனில் திறந்தால் முதலில் வந்து நிற்பது 1818! போன மாதத்துக்குப் போவதற்குள் கட்டைவிரல் தேய்ந்துவிடும்.

இங்கேதான் குட்டி ஸ்கிரிப்ட் கைகொடுக்கிறது. பைத்தானில் எளிய வழி: பத்து பேர் மட்டும் உட்காரும் பெஞ்ச் போல ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியாகப் படிக்கப் படிக்க, புதியவர் உட்கார, முதலில் வந்தவர் எழுந்து போவார். ஃபைல் முடியும்போது பெஞ்சில் மிஞ்சுவது கடைசிப் பத்து வரிகள். இந்த அளவு ஃபைலுக்கு இதுவே தாராளம்.

ராட்சத ஃபைல் என்றால் ‘டெயில்’ என்ற பழைய யூனிக்ஸ் கட்டளைதான் கெட்டிக்காரன். பெயரே ‘வால்’! முழுதும் படிக்காமல் நேரே கடைசிக்குத் தாவும். பின்னாலிருந்து ஒரு துண்டை எடுத்து, வரி முடியும் இடங்களை எண்ணிக்கொண்டே மேலே ஏறும். பத்து வரி கிடைத்ததும் நின்றுவிடும். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் ஆப் இருந்தால் நீங்களும் பார்க்கலாம்.

ஆனால், எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். தொடக்க வரிகளில் -1 என்று நிறைய வரும். அது புள்ளிகளின் எண்ணிக்கை அல்ல. அன்று பதிவு இல்லை என்று அர்த்தம். அதையும் சேர்த்துச் சராசரி போட்டால் கணக்கு கோணலாகிவிடும்.

வாலுக்கும் தனிக் குணம் உண்டு. 2024 மே 10, 11 தேதிகளில் சூரியப் புயலால் லடாக்கின் ஹான்லே வானமே சிவந்ததே, நினைவிருக்கிறதா? அந்தச் சமயம் இந்த ஃபைலின் வாலைப் பார்த்தவர்களுக்கு அண்மை வரிகளில் எண்ணோடு ஒரு நட்சத்திரக் குறியும் தெரிந்திருக்கும். ‘இது தற்காலிகம், பிறகு மாறலாம்’ என்பதன் அடையாளம் அது. சில மாதங்கள் கழித்து, எல்லா ஆய்வகங்களின் கணக்கும் சரிபார்க்கப்பட்ட பிறகே அந்த நட்சத்திரம் உதிரும்.