வாங்கெல் சுழல் எஞ்சின்

வாங்கெல் சுழல் எஞ்சின் என்பது பிஸ்டன் இல்லாமல் இயங்கும் உள்ளெரி எஞ்சின் ஆகும். ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெலின் கருத்தில் உருவான இதன் முதல் மாதிரி 1957-இல் என்.எஸ்.யு நிறுவனத்தில் ஓடியது.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஒவ்வொரு கோடியிலும் நின்று திரும்ப வேண்டும். அதிர்வுக்கு அதுவே முக்கியக் காரணம். வாங்கெல் எஞ்சினிலோ, இடுப்புச் சிறுத்த முட்டை போன்ற கூட்டினுள், பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று சுற்றுகிறது. அதன் மூன்று முனைகளும் கூட்டின் சுவரை எப்போதும் தொட்டபடி செல்வதால் மூன்று அறைகள் உண்டாகின்றன. சுழலி மையம் விலகிச் சுற்றுவதால் ஒவ்வோர் அறையும் மாறி மாறி விரிந்து சுருங்குகிறது. எரிபொருள் கலவையை உள்ளிழுத்தல், அழுத்துதல், எரித்தல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கும் இப்படியே நடந்துவிடுகின்றன. வால்வுகளும் இல்லை, கூட்டிலுள்ள துளைகளைச் சுழலியே திறந்து மூடுகிறது.

சுழலி ஒருமுறை சுற்றுவதற்குள் நடுத்தண்டு மூன்று முறை சுற்றிவிடும். ஆகவே தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எரிப்பு உண்டு. ஒற்றை சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். 1967-இல் வந்த மாஸ்டா காஸ்மோ காரின் இரு சுழலி எஞ்சின் வெறும் 982 கன செ.மீ. கொள்ளளவில் 110 குதிரைத்திறன் தந்தது இதனால்தான்.

சிக்கல் முழுவதும் அந்த மூன்று முனைகளில் இருந்தது. அறைகளுக்கிடையே வாயு கசியாதிருக்க, முனைதோறும் மெல்லிய அடைப்புப் பட்டை பொருத்தப்படும். அது தேய்ந்தால் எஞ்சின் வலுவிழக்கும். அதே 1967-இல் வெளிவந்த என்.எஸ்.யு ரோ 80 காரை இந்தக் குறை வாட்டியது. எதிரெதிரே வரும் ரோ 80 ஓட்டுநர்கள் தாங்கள் மாற்றிய எஞ்சின்களின் எண்ணிக்கையை விரல்களால் காட்டிக்கொள்வார்கள் என்றொரு வேடிக்கைக் கதையே உண்டு. உத்தரவாதப்படி எஞ்சின் மாற்றிக் கொடுத்தே நொடித்த நிறுவனம் 1969-இல் ஃபோக்ஸ்வாகன் வசமானது.

மாஸ்டாவில் கெனிச்சி யமமோட்டோ குழுவினரும் இதே இடத்தில்தான் தடுமாறினர். பட்டை அதிர்ந்து சுவரில் வரிவரியாகக் கீறியது. அந்தத் தழும்புகளை அவர்கள் பேயின் நகக் கீறல் என்றே அழைத்தனர். அலுமினியம் ஊட்டிய கரிமப் பட்டையே காஸ்மோவைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 1991-இல் நான்கு சுழலிகள் கொண்ட 787பி கார், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. ஒரு ஜப்பானிய நிறுவனம் அங்கு வென்றது அதுவே முதல் முறை.

இன்னொரு குறை வடிவிலேயே உள்ளது. எரியும் அறை நீண்டு தட்டையாக இருப்பதால் வெப்பம் சுவருக்குப் போய்விடும், எரிபொருளும் முழுதாக எரிவதில்லை. பட்டைகளுக்கு ஊட்டும் எண்ணெயும் சேர்ந்து எரியும். புகைக் கட்டுப்பாடுகள் இறுகிய பிறகு, மாஸ்டா ஆர்.எக்ஸ்-8 காரின் உற்பத்தி 2012-இல் நின்றது. 2023-இல் எம்.எக்ஸ்-30 காரில் ஒற்றைச் சுழலியுடன் இது மீண்டும் வந்தது. ஆனால் அங்கு அது சக்கரங்களைச் சுழற்றுவதில்லை. மின்சாரம் மட்டுமே ஆக்கித் தருகிறது.