வேகமான காருக்கு எடைக்கல்

பந்தயப் பாதை – 7

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்கென்றே பிறந்தது. இந்த வாரம் பார்க்கப்போகும் ஜிடி3 கார்கள் அப்படியல்ல. போர்ஷே 911, ஃபெராரி 296, மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி, பிஎம்டபிள்யூ எம்4 என்று எல்லாமே ஷோரூமில் விற்கிற கார்கள். பணம் உள்ளவர் வாங்கிப் போகும் அதே காரின் கட்டுமானத்தில் பாதுகாப்புக் கூண்டு, பந்தய பிரேக், பெரிய பின்சிறகு எல்லாம் பொருத்தினால் பந்தயக் கார் தயார். 2006இல் பிரெஞ்சுக்காரர் ஸ்டெஃபான் ரடெலின் நிறுவனம் இந்தப் பிரிவைத் தொடங்கியது. இன்று அதன் உச்சம், பெல்ஜியத்தின் ஆர்டென் மலைக்காட்டில் நடக்கும் ஸ்பா 24 மணி நேரப் பந்தயம்.

இந்தக் கார்களில் ஒன்று இன்னொன்றைப் போல இருக்காது. போர்ஷேவுக்கு எஞ்சின் பின்னால். மெர்சிடிஸுக்கு முன்னால், 6.2 லிட்டர் வி8. ஃபெராரிக்கு நடுவில், டர்போ பூட்டிய வி6. அப்படியே ஓடவிட்டால் முதல் மணி நேரத்திலேயே முடிவு தெரிந்துவிடும். நம்மூர் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டுவார்கள். இங்கே எல்லாவற்றையும் ஒன்றாக விட்டு, வேகமானதன் மேல் பாரம் ஏற்றுகிறார்கள். எடைக்கல் சேர்ப்பார்கள், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைப்பார்கள், டர்போவின் அழுத்தத்துக்கு வரம்பு கட்டுவார்கள். ‘பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபாமன்ஸ்’ என்று இதற்குப் பெயர். ஃபெராரி 296இன் சாலைக் காருக்கு 830 குதிரைத்திறன். ஹைப்ரிட் மோட்டாரைக் கழற்றிவிட்ட பந்தயக் காருக்கோ சுமார் 600தான். சாலையில் போகிற கார் பந்தயக் காரைவிட பலசாலி!

பந்தய வாரம் புதன்கிழமையே களைகட்டிவிடும். கார்கள் ஊர்வலமாகப் பொதுச்சாலையில் ஸ்பா நகருக்குள் போகின்றன. கடைத்தெருவில் நிற்கும் காரைக் குழந்தைகள் தொட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கலாம். வியாழக்கிழமை தகுதிச் சுற்று. ஒரு காருக்கு மூன்று அல்லது நான்கு ஓட்டுநர்கள். ஒருவர் மட்டும் பறந்தால் போதாது. எல்லோருடைய நேரத்தையும் கூட்டி எடுக்கும் சராசரிதான் கணக்கு. அன்றிரவே இருட்டில் பயிற்சியும் உண்டு. வெள்ளிக்கிழமை ‘சூப்பர்போல்’. முன்னணிக் கார்கள் மட்டும் இறங்கி முதலிடத்துக்கு மோதும். பயிற்சியில் முழு வேகத்தையும் காட்டினால் எடைக்கல் தலையில் விழும் என்று பதுங்குகிற அணிகள் இங்கே வேடத்தைக் கலைத்தாக வேண்டும்.

சனிக்கிழமை மாலை கொடி அசைகிறது. 2025இல் 70க்கும் மேற்பட்ட கார்கள் ஓடின. ஏழு கிலோமீட்டர் ஓடுதளத்தில் அத்தனை கார்கள் என்றால் எப்போதும் யாராவது யாரையாவது முந்திக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டுபவர்கள் எல்லோரும் முழுநேர வீரர்களும் அல்லர். சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு ஓட்டுநர்களை பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் (வெண்கலம்) என்று தரம் பிரித்திருக்கிறது. வாரம் முழுக்கத் தொழிலைக் கவனித்துவிட்டு வருகிற வெண்கலத் தர ஓட்டுநரும், கார் கம்பெனியிடம் சம்பளம் வாங்கும் வீரரும் ஓடுதளத்தின் ஓ ரூஜ் மேட்டில் ஒன்றாக ஏறுகிறார்கள். அந்த ஏற்றம் ஆபத்தானது. 2021இல் பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்தில் அங்கே நான்கு கார்கள் மோதிக்கொண்டன. 2022இல் அந்த இடத்தை மாற்றிக் கட்டினார்கள். ஓரத்தில் காலி இடத்தை அகலப்படுத்தினார்கள்.

சாம்பியன்ஷிப் புள்ளிகள் முடிவில் மட்டும் கிடைப்பதில்லை. ஆறாவது மணியிலும் பன்னிரண்டாவது மணியிலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துப் புள்ளி கொடுக்கிறார்கள். கடைசிவரை காரைக் காப்பாற்றுவதா, நடுவிலேயே புள்ளிகளை அள்ளுவதா என்ற கணக்கு இரவெல்லாம் ஓடும். பிட்டில் பெட்ரோல், டயர், ஓட்டுநர் மாற்றம். இறங்கியவரே அடுத்தவருக்குப் பெல்ட் மாட்ட உதவுகிறார். காட்டுக்குள் மழை வேறு. ஓடுதளத்தின் ஒரு பக்கம் நனைந்திருக்க, மறு பக்கம் காய்ந்து கிடக்கும். மழை டயரா, சாதா டயரா? தவறாகத் தேர்ந்தால் இரவெல்லாம் சேர்த்த முன்னிலை போய்விடும்.

அதே 2021இல் பந்தயம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. ஈரமான பிளான்ஷிமோன் வளைவில் அலெஸ்ஸாண்ட்ரோ பியர் குயிதி தன் ஃபெராரியை வெளிப்பக்கமாக விட்டு, டிரீஸ் வான்தோரின் ஆடியைத் தாண்டி வென்றார். 24 மணி நேர ஓட்டம் ஒரே வளைவில் தீர்ந்தது. அதன்பின் வென்ற கார்களைப் பாருங்கள்: 2022இல் மெர்சிடிஸ், 2023இல் பிஎம்டபிள்யூ, 2024இல் ஆஸ்டன் மார்ட்டின், 2025இல் லம்போர்கினி. ஆஸ்டன் மார்ட்டின் இங்கே அதற்கு முன் வென்றது 1948இல். லம்போர்கினிக்கு இதுவே முதல் வெற்றி. ஆண்டுக்கு ஒரு கம்பெனி வெல்வது எடைக்கல்லின் வேலை. அந்தக் கம்பெனியின் பல கார்களில் எது வெல்கிறது என்பதை முடிவு செய்வது மனிதர்கள்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி போர்ஷே பிரிவில் மூன்றாமிடம் பிடித்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. அந்த அணி ஓட்டியதும் சாலைக் காரிலிருந்து பிறந்த பந்தயக் கார்தான். அன்று ஓட்டுநர்களை மட்டும் பார்த்தவர்கள், அடுத்த முறை நள்ளிரவில் பிட்டில் நிற்கும் மெக்கானிக்குகளையும் கவனியுங்கள்.

ஸ்பாவில் வென்றதைக் காட்டி ‘எங்கள் கார்தான் வேகமானது’ என்று விளம்பரம் வந்தால் நம்ப வேண்டாம். வேகத்தைத்தான் ஏற்கெனவே சமன் செய்துவிட்டார்களே! குறைவாகத் தவறு செய்த அணி வென்றது, அவ்வளவுதான்.

(தொடரும்)