தோல் இல்லாத மேளம் யார் கைக்கு?

ஏற்காடு மலையில் பறை அடிப்பவர்களுக்குப் பனி ஒரு பெருந்தொல்லை. வெள்ளக்கடைப் பக்கம் மூடுபனி இறங்கும் நாட்களில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். சருகு கொளுத்தி, அனலில் காட்டினால்தான் நாதம் திரும்பும். கொஞ்ச நேரம் அடித்ததும் மறுபடி நெருப்புத் தேட வேண்டும்.

மெல்லிசைக் குழுக்களில் இன்று முன்வரிசையில் நிற்கும் ஆக்டோபேடுக்கு இந்தக் கவலை இல்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த கருவி இது. எட்டு ரப்பர் சதுரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அதிர்வை உணரும் சிறு வில்லை. குச்சி பட்டதும் அந்த அதிர்வு மின்சாரமாகிறது, உள்ளே சேமித்த ஒலி வெளியே வருகிறது. 1997இல் அதே நிறுவனம் வலைத்துணி போர்த்திய முழு டிரம் செட்டைக் கொண்டுவந்தது. குச்சி துள்ளுவது ஏறக்குறைய உண்மையான டிரம் போலவே இருக்கும். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாது. ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும் எஸ்டேட் லைன் வீடுகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

இந்தக் கருவியில் தோல் இல்லை என்பதுதான் நமக்கு முக்கியம். மேளத்தைச் சுற்றிய தீண்டாமை தோலைச் சாக்காக வைத்தே நடந்தது. செத்த மாட்டை உரித்தவர் கை தீட்டு. அந்தத் தோலில் செய்த மிருதங்கம் மட்டும் சபைக்குப் போகலாம். மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களின் கதையை டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற ஆங்கில நூலாக எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. கருவியைச் செய்தவரின் பெயரை உரக்கச் சொல்வதுகூட இந்த நூற்றாண்டில் சிக்கலாக இருக்கிறது.

பறைக்கு அந்தச் சபையும் வாய்க்கவில்லை. ஊர்ச் சாவுக்குக் கட்டாயமாக அடிக்க வேண்டும், கூலி என்று கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் நம் முன்னோடிகள் பலர் பறையைக் கீழே போடச் சொன்னார்கள். அந்த மறுப்பு இல்லாமல் இன்றைய மரியாதை வந்திருக்காது. அதன் பிறகே பறை வேறு மேடை ஏறியது. 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் கச்சேரி செய்தபோது பறையும் கிட்டாரும் டிரம் செட்டும் ஒரே மேடையில் நின்றன. மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஆனாலும் கிராமத்து நிலை என்ன? ஆக்டோபேட் வாசிப்பவர் ‘மாஸ்டர்’. பறை அடிப்பவருக்குப் பல ஊர்களில் இன்னும் ஒருமை விளிதான். இரண்டும் ஒரே வீட்டுப் பையன்களாக இருந்தாலும் அப்படித்தான். ரப்பர் சதுரம் சாதியை ஒழித்துவிடவில்லை. கேட்கும் சந்தர்ப்பத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. அந்த இடைவெளியில் நம் பிள்ளைகள் நுழையட்டும் என்பதே நம் கட்சி. பறையை மறைக்க இதை வாங்குவதில் மட்டும் நமக்கு உடன்பாடில்லை.

கருவியே அதற்கு வழி வைத்திருக்கிறது. சாம்ப்ளிங் பேட் என்ற வகையில் நம் ஒலியை நாமே பதிந்து ஏற்றலாம். நன்றாகக் காய்ச்சிய பறையின் நடுவடியைத் தனியாகவும் ஓர அடியைத் தனியாகவும் பதிய வேண்டும். மெல்ல அடித்ததும் ஓங்கி அடித்ததும் தனித்தனியே வேண்டும். ஒன்றையே பதிந்து எல்லா அடிக்கும் ஓட்டினால் தகரம் தட்டியதுபோல் இருக்கும். இன்னொன்றும் உண்டு. பறையில் வலக்கை அடிக்குச்சி தாளத்தைச் சொல்ல, இடக்கையின் மெல்லிய சிம்புக்குச்சி இடையில் படபடத்துக்கொண்டே இருக்கும். அந்த இலேசான படபடப்பைக் கருவி அடியாகவே எண்ணாமல் விட்டுவிடக்கூடும். உணர்திறனைக் கூட்டி வைத்தால் பெருமளவு பிடித்துவிடும். கால் எடுத்து ஆடிக்கொண்டே அடிப்பதை எந்த கம்பெனியும் பெட்டிக்குள் வைக்க முடியாது, அது வேறு.

விலைதான் இடிக்கிறது. நல்ல ஆக்டோபேட் அரை லட்சத்தைத் தாண்டும். உயர்ரக முழு செட் லட்சங்களில் போகும். தோட்டக் கூலியில் இதைச் சேர்ப்பது நடக்காத காரியம். கந்து வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொள்வதைவிடத் தாட்கோவை அணுகலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில் தொடங்குவதற்கான முதலமைச்சரின் அரைஸ் திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய் மானியம். மீதி வங்கிக் கடன். மலையாளி பழங்குடி இளைஞர்களுக்கும் இது பொருந்தும். தனியொருவர் ஆசைக்கு வாங்குவதாக எழுதினால் வங்கி மேலாளர் சிரிப்பார். ஒலிபெருக்கி, மிக்சர் எல்லாம் சேர்த்து, விழாக்களுக்கு வாடகைக்குப் போகும் இசைக்குழுவாகத் திட்ட அறிக்கை கொடுக்க வேண்டும்.

பழைய கருவி வாங்குவோர் எட்டுச் சதுரத்தையும் ஓரத்திலும் நடுவிலும் தட்டிப் பாருங்கள். ஒலி சீராக வர வேண்டும். ஒயர் சொருகும் துளை ஆடக்கூடாது. மலையில் மின்சாரம் போய் வரும்போது அழுத்தம் ஏறி இறங்கும், அதனால் ஸ்டெபிலைசர் கட்டாயம். தோலுக்கு ஆகாத பனி மின்சாதனத்துக்கும் ஆகாது. வாசித்து முடித்ததும் துடைத்து, உறையில் போட்டு, அடுப்படியிலிருந்து தள்ளி உலர்ந்த இடத்தில் வையுங்கள்.